லெமியில் போட்ட டவுன்வோட் யார் யார் கண்ணில் படும்?

2023இல் விவாதத் தளமான ரெடிட்டை நடத்தும் நிறுவனம் வெளிச் செயலிகளிடம் பெரும் கட்டணம் கேட்டபோது, கோபத்தில் அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் லெமி என்ற இன்னொரு விவாத வலையமைப்புக்கு வந்து சேர்ந்தார்கள். பார்க்க ரெடிட் மாதிரியே இருக்கும். தலைப்பு வாரியாகச் சமூகங்கள், பதிவுகள், பக்கத்தில் ஆதரவு வாக்குக்கு மேல் அம்பு (அப்வோட்), எதிர்வாக்குக்குக் கீழ் அம்பு (டவுன்வோட்). யார் எந்த அம்பை அழுத்தினார்கள் என்பது திரையில் தெரியாது. ஆகவே வாக்கு ரகசியமாகத்தான் இருக்கிறது என்று பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டார்கள்.

அது ரகசியம் இல்லை. ஒரு பதிவின் முகவரியைக் கொடுத்தால் அதற்கு அப்வோட், டவுன்வோட் போட்டவர்களின் கணக்குப் பெயர்களைப் பட்டியலிட்டுக் காட்டும் தளங்களே வந்துவிட்டன. முதல்முறை பார்ப்பவர்கள், யாரோ சர்வருக்குள் புகுந்து தகவலைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். எந்தத் திருட்டும் நடக்கவில்லை. இந்த வலையமைப்பு வேலை செய்யும் விதத்திலேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. அது எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

ஃபேஸ்புக், ரெடிட் போன்றவற்றில் எல்லாக் கணக்குகளும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கின்றன. பரவலாக்கப்பட்ட வலையமைப்பில் அப்படி ஒரு மையம் கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்களைத் தனி நபர்களும் சிறு குழுக்களும் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரின் பதிவைப் படிக்கலாம், பதில் எழுதலாம், வாக்குப் போடலாம். மின்னஞ்சல் இப்படித்தான் தொடக்கம் முதலே இயங்கிவருகிறது.

இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழிதான் ஆக்டிவிட்டிபப். இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதை அதிகாரப்பூர்வத் தரநிலையாக வெளியிட்டது. குறும்பதிவுகளுக்கான மாஸ்டடான், விவாதச் சமூகங்களுக்கான லெமி, பைஃபெட், எம்பின் எல்லாம் இதைப் பேசும் மென்பொருள்கள். இவை சேர்ந்த மொத்தக் கூட்டத்துக்கு ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

இந்த மொழியில் ஒவ்வொரு செயலும் ஒரு செய்தி. பதிவு எழுதுவது ஒரு செய்தி, ஒருவரைப் பின்தொடர்வது ஒரு செய்தி, விருப்பம் தெரிவிப்பதும் எதிர்ப்பைத் தெரிவிப்பதும்கூடச் செய்திகள்தான். லெமியின் மேல் அம்பு ‘லைக்’ என்ற செய்தியாகவும், கீழ் அம்பு ‘டிஸ்லைக்’ என்ற செய்தியாகவும் போகும். ஒவ்வொரு செய்தியிலும் அதைச் செய்தவர் யார் என்று சொல்லும் ஒரு புலம், அதாவது படிவத்தில் இருப்பது போன்ற ஒரு கட்டம், கட்டாயம் உண்டு. விஷயமே அந்தப் புலத்தில்தான் இருக்கிறது.

ஒரு டவுன்வோட்டின் பயணம்

‘அ’ சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், ‘ஆ’ சர்வரில் இருக்கும் ஒரு சமூகத்தின் பதிவுக்கு டவுன்வோட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. ‘அ’ சர்வர் தன் தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: இந்தக் கணக்கு, இந்தப் பதிவு, கழித்தல் ஒன்று, இந்த நேரம்.

2. அடுத்து ஒரு டிஸ்லைக் செய்தியைத் தயாரித்து ‘ஆ’ சர்வருக்கு அனுப்புகிறது. வாக்களித்தவரின் முழுக் கணக்கு முகவரி அதில் இருக்கும். செய்தி அவரிடமிருந்துதான் வந்தது என்பதற்கு டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும்.

3. ‘ஆ’ சர்வர் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, தன் தரவுத்தளத்தில் பதிகிறது.

4. அதோடு நிற்பதில்லை. அந்தச் சமூகத்தை ஒருவராவது பின்தொடரும் ஒவ்வொரு சர்வருக்கும் அதே செய்தியை ‘ஆ’ சர்வர் மறு அறிவிப்பு செய்கிறது. பெயர் அப்படியே உள்ளே இருக்கும்.

5. வாங்கிய ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு வரி எழுதிக்கொள்கிறது. திரையில் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறது.

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். மொத்தம் இவ்வளவு வந்தது என்று வீட்டார் வெளியே சொன்னாலும், நோட்டில் யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த நோட்டின் நகல் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான வீடுகளில் இருக்கிறது.

நான்காவது படியைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஒரு லெமி சர்வரை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். மென்பொருள் இலவசம், சிறிய வாடகை சர்வர் ஒன்று போதும். அதில் ஒரே ஒரு கணக்கைத் திறந்து, கண்காணிக்க நினைக்கும் சமூகங்களைப் பின்தொடர்ந்தால் போதும். அந்த நிமிடத்திலிருந்து அங்கே விழும் ஒவ்வொரு வாக்கும் பெயரோடு அந்தச் சர்வருக்கு வந்து சேரும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. பழைய வாக்குகள் பின்னோக்கி வருவதில்லை என்பது ஒன்றுதான் தடை. வாக்காளர் பட்டியல் காட்டும் தளங்கள் இந்த வழியில்தான் இயங்க முடிகிறது.

எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் என்ன?

இதைக் கேட்காதவர் இல்லை, கேட்க வேண்டியதும்தான். “எங்கள் சர்வரிலிருந்து 14 அப்வோட், 3 டவுன்வோட்” என்று மட்டும் சொன்னால் போதாதா?

போதாது. ‘அ’ சர்வரை நடத்துபவர் நேர்மையானவராக இருந்தால் சரி. இல்லையென்றால் 14 என்பதை 14,000 என்று அனுப்பலாம், யாராலும் சோதிக்க முடியாது. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் நடத்தும் இடத்தில் எண்ணுபவரும் அவர்கள், காவல் காப்பவரும் அவர்கள். இங்கே எண்ணுபவர்கள் ஆயிரம் பேர், ஒருவரை ஒருவர் நம்பக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வாக்கும் தனித்தனிக் கணக்கிலிருந்து வந்தது என்பதற்குப் பெயரே சாட்சியாக நிற்கிறது.

வாக்கை மாற்றவும் திரும்பப் பெறவும்கூடப் பெயர் வேண்டும். “முன்பு போட்டதை ரத்து செய்” என்று ஒரு செய்தி வந்தால், எந்த வாக்கை ரத்து செய்வது என்று வாங்கும் சர்வருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மோசடியைப் பிடிக்கவும் இந்தப் பெயர்கள் உதவுகின்றன. ஒரே நாளில் திறந்த இருபது கணக்குகள் ஒரே வரிசையில் ஒரே பதிவுகளுக்கு வாக்குப் போட்டால், பட்டியலைப் பார்க்கும் அட்மினுக்கு உடனே புரிந்துவிடும். சம்பளம் இல்லாமல் தன் நேரத்தைக் கொடுத்துச் சர்வர் நடத்தும் அந்த மனிதருக்கு இதைவிட்டால் வேறு கருவி பெரிதாக இல்லை. அந்தரங்கத்துக்காக வாதாடுபவர்கள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி

லெமியில் சாதாரணப் பயனருக்குப் பட்டியல் தெரியாது. சமீபத்திய பதிப்புகளில் அட்மின்களும் அந்தந்தச் சமூகத்தின் ஒழுங்கைக் கவனிக்கும் மாடரேட்டர்களும் திரையிலேயே திறந்து பார்க்கலாம். எம்பின் மென்பொருளில் யார் அப்வோட் போட்டார் என்பதை எல்லோருமே பார்க்க முடியும். ஆக, லெமியில் மறைவாக இருப்பதாக நினைத்துப் போட்ட அதே வாக்கு, எம்பின் சர்வரில் பெயரோடு வெளியில் நிற்கும். பயனருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

மாஸ்டடானில் விருப்பக்குறி போட்டால் அது பதிவை எழுதியவரின் சர்வருக்கு மட்டும் போகும், எல்லாப் பக்கமும் பரவாது. பட்டியல் வெளிப்படையாகவே தெரியும் என்பதால் ஏமாற்றம் குறைவு. மாஸ்டடானின் கருத்துக்கணிப்பு அப்படி இல்லை. யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று திரையில் வராது. அடியில் பார்த்தால், அந்தத் தேர்வு வாக்களித்தவரின் பெயரோடுதான் கேள்வி கேட்டவரின் சர்வருக்குப் போகிறது. அந்தச் சர்வரின் தரவுத்தளம் கையில் இருப்பவர் பார்க்கலாம். உடல்நலம், மதம், அரசியல் பற்றிய கருத்துக்கணிப்புகளில் மனம் திறந்து தட்டிவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு குறும்பதிவுத் தளமான ப்ளூஸ்கை ஆக்டிவிட்டிபப் பேசுவதில்லை, அதற்கென்று ஏடி புரோட்டோகால் என்று தனி மொழி உண்டு. அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பொதுப் பெட்டகம். எழுதிய பதிவுகள், போட்ட லைக்குகள், அவர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அந்தப் பெட்டகத்தை முழுசாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். யாரை பிளாக் செய்தோம் என்பதும் பொதுத் தகவல்தான். தொல்லை தாங்காமல் ஒருவரை பிளாக் செய்தால், அந்த விஷயத்தை அவரே தேடிக் கண்டுபிடிக்கலாம். ஒருவரின் பதிவுகள் நம் கண்ணில் படாமல் மியூட் செய்வது மட்டும் வெளியே தெரியாது. 2025இல் ப்ளூஸ்கை, பதிவுகளைச் சேமித்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது அதை இந்தப் பொதுப் பெட்டகத்துக்கு வெளியே தனியாக வைத்தது. எல்லாவற்றையும் பொதுவில் வைக்க முடியாது என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக எக்ஸ் தளம் 2024 ஜூனில் லைக் பட்டியல்களை மற்றவர் கண்ணிலிருந்து மறைத்தது. ஒரே நிறுவனம் என்பதால் ஒரே நாளில் முடிந்தது. ஆனால் அந்த நிறுவனத்திடம் எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஒரு லைக்கில் என்ன தெரிந்துவிடப்போகிறது?

நிறையத் தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகால் கோசின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 58,000க்கும் மேற்பட்டோரின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து அவர்களுடைய தனிப்பட்ட குணங்களைக் கணிக்க முயன்றார்கள். ஒருவர் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா என்பதை 85 சதவீத அளவிலும், ஓர் ஆண் தன்பாலீர்ப்பாளரா என்பதை 88 சதவீத அளவிலும் கணிக்க முடிந்தது. யாரும் தங்களைப் பற்றி எதையும் எழுதத் தேவைப்படவில்லை. அவர்கள் தட்டிய லைக்குகளே போதுமானதாக இருந்தன.

“என் கணக்கில் நிஜப் பெயரே இல்லையே” என்று சொல்லலாம். அந்த நம்பிக்கையை உடைத்தது நெட்ஃபிளிக்ஸ் விவகாரம். 2006இல் அந்த நிறுவனம் ஒரு போட்டிக்காக ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்களின் 10 கோடிக்கும் மேற்பட்ட படமதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008இல் காட்டியது இது: ஒருவருடைய எட்டு மதிப்பீடுகள் தெரிந்தால் போதும், அதில் இரண்டு தப்பாகவே இருந்தாலும், தேதியில் இரண்டு வாரம் முன்பின் இருந்தாலும், 99 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் இரண்டாவது போட்டியை 2010இல் கைவிட்டது.

லெமியின் வாக்குப் பட்டியல் இதே வகைத் தகவல்தான், நேரம் இன்னும் துல்லியமாக இருக்கிறது. எந்த மணி நேரத்தில் வாக்குகள் குவிகின்றன என்பதை வைத்து ஊரின் நேர மண்டலம் தெரியும். எந்த ஊர்ச் சமூகத்தில் வாக்கு, எந்த நோய் பற்றிய பதிவில் வாக்கு, எந்தக் கட்சியின் செய்திக்கு டவுன்வோட் என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஆள் உருவாகிவிடுவார். வாயே திறக்காமல் வாசிப்பவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் தாங்கள் எந்தத் தடயமும் விடவில்லை என்றே அவர்கள் நம்புகிறார்கள்.

இதன் விளைவு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 2012 நவம்பரில் சிவசேனா நிறுவனர் பால் தாக்கரேவின் மறைவையொட்டி மும்பை முடங்கியதைப் பற்றி ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார், அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். மகாராஷ்டிரத்தின் பால்கர் போலீசார் இருவரையும் கைது செய்தார்கள்.  இந்தக் கைதுக்குப் பிறகு தொடரப்பட்ட ஸ்ரேயா சிங்கால் வழக்கில்தான் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் தகவல் அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது. லைக் போடுவது வெளியிடுவதாகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியது. வெளிநாட்டில் நிலைமை வேறு: 2017இல் சூரிச் நீதிமன்றம் ஒன்று, ஃபேஸ்புக்கில் அவதூறான கருத்துகளுக்கு லைக் போட்டவருக்கு அபராதம் விதித்தது.

சட்டம் வரை போகாத தொல்லைகள்தான் அன்றாடம் நடக்கின்றன. டவுன்வோட் போட்டவரைத் தேடிப் பிடித்து அவருடைய பழைய பதிவுகளில் வந்து சண்டை போடுவது, ஒரு சமூகத்தில் தொடர்ந்து எதிர்வாக்குப் போடுபவரை மாடரேட்டர் தடை செய்வது எல்லாம் லெமியில் பழகிப்போன புகார்கள்.

திரும்பப் பெற்றால் அழியுமா?

ரத்துச் செய்தி அனுப்பப்படும். அதை மதிப்பதா வேண்டாமா என்பது வாங்கும் சர்வரின் கையில். வழக்கமான மென்பொருள் மதிக்கும், வாக்கைச் சேகரிப்பதற்கென்றே நடத்தப்படும் சர்வர் மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இடையில் தொடர்பு துண்டிக்கப்பட்ட சர்வருக்குச் செய்தியே போய்ச்சேராது, பழைய நகல் அங்கேயே கிடக்கும். சொந்த சர்வரும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற மாஸ்டடான் சர்வரின் அட்மின்களில் ஒருவர் வீட்டில் எஃப்பிஐ சோதனை நடத்தியது. சோதனைக்கும் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பூட்டப்படாத நிலையில் இருந்த தரவுத்தள நகல் ஒன்றும் சாதனங்களோடு சேர்ந்து போனது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இங்கே எவ்வளவு உதவும் என்றால், கொஞ்சம்தான். ஒருவர் தானே பொதுவில் வைத்த தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ரகசியம் என்று நம்பிப் போட்ட வாக்கு ‘தானே பொதுவில் வைத்தது’ ஆகுமா என்பது வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயம். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, நடத்துபவர் யார் என்றே தெரியாதபோது யார் மேல் வழக்குப் போடுவது என்ற சிக்கல் தனி.

தீர்வுக்கான முயற்சிகள்

பைஃபெட் மென்பொருள் 2024இல் ஒரு வழியை முயன்றது. வாக்குக்கென்று பயனருக்கு இன்னொரு கணக்கை, அர்த்தமற்ற பெயரில், பின்னணியில் உருவாக்கியது. வெளியே போன வாக்கு அந்தப் பெயரில் போனது. இரண்டும் ஒரே ஆள் என்பது சொந்த சர்வருக்கு மட்டும் தெரிந்தது. புனைபெயர் மாறாமல் இருப்பதால், மோசடி செய்யும் கணக்கை மற்ற சர்வர்கள் அப்போதும் தடுக்கலாம்.

நல்ல யோசனைதான், இரண்டு ஓட்டைகள் உண்டு. புனைபெயர் மாறாமல் இருப்பதாலேயே நெட்ஃபிளிக்ஸ் பாடம் இதற்கும் பொருந்தும்: ஒருவர் கருத்து எழுதும் இடத்திலெல்லாம் அடுத்த சில நிமிடங்களில் ஒரே புனைபெயர் வாக்குப் போட்டால் முடிச்சுப் போடுவது கடினம் இல்லை. இரண்டாவது, சர்வரில் இருப்பதே ஒருவர் என்றால் புனைபெயரால் பயனே கிடையாது. கூட்டம் இருந்தால்தான் அதில் ஒளிய முடியும். ஒவ்வொரு சமூகத்துக்கும் வேறு வேறு புனைபெயர் கொடுத்தால் முதல் ஓட்டை பெருமளவு அடைபடும் என்பது என் கருத்து.

தகவலைக் கணிதத்தால் பூட்டிக் காக்கும் கிரிப்டோகிராஃபியில் இதைவிட உறுதியான வழி இருக்கிறது. அத்துறை ஆய்வாளர் டேவிட் சாம் 1982இல் முன்வைத்த குருட்டுக் கையொப்ப முறையில், உள்ளே இருப்பதைப் பார்க்காமலே ஒரு சர்வர் கையொப்பம் இட முடியும். வாங்குபவர் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், யாருடையது என்று அறிய முடியாது. ஆனால் சொந்த சர்வரே பொய்யாக ஆயிரம் கையொப்பம் போட்டால் இந்த முறையும் தடுக்காது. வாக்கை மாற்றும் வசதிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் சின்னத் திட்டங்களுக்கு இது பெரிய வேலை.

டவுன்வோட்டையே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. பீஹா என்ற லெமி சர்வர் அப்படித்தான் செய்திருக்கிறது.

இவற்றில் மோசமானது லெமியின் இன்றைய இடைநிலைதான். எம்பின் போல வெளிப்படையாகக் காட்டினால் பயனர் அதற்கேற்ப நடந்துகொள்வார். பைஃபெட் போல மறைக்க முயன்றால் ஓரளவாவது பாதுகாப்பு கிடைக்கும். திரையில் மறைத்துவிட்டு அடியில் எல்லோருக்கும் அனுப்பும்போது, தேடிப் பார்ப்பவருக்கு எல்லாம் கிடைக்கிறது, நம்பி வந்தவர் மட்டும் இருட்டில் நிற்கிறார்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

1. லைக், டவுன்வோட், கருத்துக்கணிப்பு எல்லாவற்றையும் சொந்தப் பெயரில் எழுதிய கருத்தாகவே நினைத்துப் போட வேண்டும்.

2. உடல்நலம், பாலினம், அரசியல் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், வேறு சர்வரில் என்றால் இன்னும் நல்லது. இரண்டு கணக்கிலும் ஒரே பதிவுக்கு வாக்குப் போடக் கூடாது.

3. பிறகு படிக்க வேண்டும் என்பதற்காக லைக் போடும் பழக்கத்தை விட்டு, சேமிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். லெமியில் சேமித்தவை சொந்த சர்வரைத் தாண்டிப் போவதில்லை.

4. ப்ளூஸ்கையில் தொல்லை தருபவருக்குத் தெரியாமல் விலக வேண்டுமென்றால், பிளாக்கைவிட மியூட் பொருத்தம்.

5. சொந்தமாகத் தனி ஆள் சர்வர் வைத்திருப்பவர்கள், சர்வரின் பெயரே தங்கள் அடையாளம் என்பதை மறக்கக் கூடாது.

மென்பொருள் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. கணக்குத் திறக்கும் பக்கத்தில், “உங்கள் வாக்குகள் உங்கள் கணக்குப் பெயரோடு மற்ற சர்வர்களுக்கு அனுப்பப்படும், அவற்றை நடத்துபவர்கள் பார்க்க முடியும்” என்று ஒரு வரி போட்டால் போதும். அதற்குப் புதிய தரநிலை எதுவும் தேவையில்லை, அடுத்த பதிப்பிலேயே சேர்க்கலாம்.